முனையில் ஒரு விரல்

பேய் நடுராத்திரியில்தான் வரும் என்று நினைப்பவர்கள் இதை நம்ப வேண்டாம். இது நடந்தது சாயங்காலம் நாலு மணி பத்து நிமிடத்துக்கு. கடலூர் செம்மண்டலத்தில், வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது. நடந்தது எனக்குத்தான். என் பெயர் கார்த்திகேசன். சாணை பிடிப்பது தொழில்.

முதலில் என் வயிற்றெரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பட்டறையில் நான் பதினோரு வருடம். சேரன் எனக்கு நாலு வருடம் பின்னால் கிள்ளையிலிருந்து வந்தவன். ஆனால் கறிக்கடைக்காரர்களும் மீன் வெட்டும் அக்காக்களும் உள்ளே நுழைந்ததும் கேட்பது ஒரே கேள்விதான். சேரன் இல்லையா? நான் குத்துக்கல் மாதிரி எதிரில் உட்கார்ந்திருப்பேன்.

அவன் கத்தி பிடிக்கும் விதத்தைத் திருட்டுத்தனமாகப் பார்த்து மனப்பாடம் செய்திருந்தேன். முழங்கை இரண்டும் விலாவோடு ஒட்டியிருக்கும். மணிக்கட்டு அசையாது, இடுப்புதான் நகரும். கையுறை போட மாட்டான், சூடு விரலுக்குத் தெரிய வேண்டுமாம். இடது ஆள்காட்டி விரலைக் கத்தியின் முதுகில், முனைக்குப் பக்கத்தில் வைப்பான். அலகு வளையும் இடம் வந்ததும் பிடியை ஒரு நூல் உயர்த்துவான். அவ்வளவுதான். நானும் அதையேதான் செய்தேன். எனக்கு மட்டும் முனை மழுங்கி உருண்டு போகும்.

பக்ரீத்துக்கு இரண்டு வாரம் முன்பு சேரன் சிதம்பரத்தில் சொந்தக் கடை போட்டான். முதலாளி சபாபதி அவனுக்கு ஒரு புதுச் சாணைக்கல்லைப் பரிசாகக் கொடுத்தார். எனக்கு அப்படி ஒன்றும் கொடுத்ததில்லை. கல்லை மோட்டாரில் மாட்டும் முன் விரலில் தொங்கவிட்டு, கட்டையால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல கல் 'டிங்' என்று பாடும். உள்ளே விரிசல் இருந்தால் 'டொத்'. மூட்டை கட்டிக்கொண்டே சேரன் கேட்டான்.

"தட்டிப் பாத்தியா மச்சான்?"

"பாத்தேன். கணீர்னு இருக்கு. மாட்டு."

எனக்குக் கேட்டது 'டொத்'. கல் ஆடும், கடை நாலு நாள் முடங்கட்டும் என்றுதான் நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்க வயிற்றெரிச்சல் விடவில்லை.

பக்ரீத்துக்கு முந்தின நாள் அப்துல் மாலிக் பாய் ஒன்பது கத்திகளோடு வந்தார். குர்பானிக் கத்தி. அலகில் ஒரு மயிரிழை பிசிறுகூட இருக்கக் கூடாது. அவர் கட்டைவிரல் நகத்தில் இழுத்துப் பார்த்துத்தான் வாங்குவார். இது சரியாக வந்தால் இனி எங்கள் தெருக் கத்தி முழுக்க உனக்குத்தான் என்றார். எத்தனை வருடம் காத்திருந்த வார்த்தை அது. முதலாளி காட்டுமன்னார்கோயிலுக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். பட்டறையில் நான் மட்டும்.

3.50. மோட்டாரைப் போட்டேன். ர்ர்ர்ர்... முதல் கத்தி. முனை உருண்டது. இரண்டாவதும் உருண்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

4.10. மூன்றாவது கத்தி. முனை நெருங்கும்போது என் இடது ஆள்காட்டி விரல்மேல் ஏதோ பட்டது.

ஈரம் என்று நினைத்தேன். துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன்.

மறுபடியும்... ஓர் அழுத்தம். ஜில்லென்று. என் விரல்மேல் இன்னொரு விரல் படுத்திருந்தது.

பிடி ஒரு நூல் உயர்ந்தது. நான் உயர்த்தவில்லை.

முனை ஊசியாக வந்தது.

எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. ஏனென்றால்... சந்தோஷமாக இருந்தது. கடைசியில் எனக்கும் அந்தக் கை வந்துவிட்டது என்ற அற்பச் சந்தோஷம்.

நாலாவது. ஐந்தாவது. என் முழங்கைகள் தாமாக விலாவில் ஒட்டிக்கொண்டன.

தண்ணீர் டப்பாவில் முக்கினால் 'சுர்ர்' என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை. பொறி பறந்தது. அலகில் சூடே இல்லை.

4.52. ஒன்பதாவதும் முடிந்தது. மோட்டாரை அணைத்தேன். கல் சுற்றி, தளர்ந்து, நின்றது.

டொத்.

திரும்பினேன். யாருமில்லை.

டொத்... டொத்...

என் எதிரில் இருந்த கல்லிலிருந்துதான். நின்றுபோன கல்.

கத்திகளை அள்ளிக்கொண்டு ஓடினேன்.

மாலிக் பாய் ஒவ்வொன்றாக நகத்தில் இழுத்துப் பார்த்தார். இரண்டை இந்தப் பக்கம் வைத்தார். ஏழை அந்தப் பக்கம்.

"இந்த ரெண்டுந்தான் ஒன் கை தம்பி. மீதி ஏழும் சேரன் கை. அவன் எப்ப வந்தான்?"

அந்தப் பயத்திலும் எனக்குச் சுருக்கென்றது. எல்லாம் நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். போன் அடித்தது.

முதலாளி. கல்யாணம் முடிந்து திரும்பும் வழியில், சிதம்பரத்திலிருந்து பேசினார். சேரன் கடையில் ஓடிக்கொண்டிருந்த கல் வெடித்துவிட்டதாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. கல் வெடித்தபோது மணி நாலு பத்து. இடது ஆள்காட்டி விரல் எங்கே தெறித்ததோ, கடை முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை என்றார்.

இப்போது தெருக் கத்தி முழுக்க என்னிடம்தான் வருகிறது. ஒரு முனைகூட உருள்வதில்லை. அவர்கள் புகழ்வது யாரை என்று எனக்குத் தெரியும். செத்தவன்மேல்கூட இன்னும் பொறாமையாகத்தான் இருக்கிறது.

ஆனால் புதுக் கல் வரும்போதெல்லாம் விரலில் தொங்கவிட்டுத் தட்டுகிறேன். டொத். அடுத்த கல். டொத். எந்தக் கல்லும் எனக்கு அப்படித்தான் கேட்கிறது. நல்லதா, விரிசலா என்று தெரியாமல் முதலாளி முகத்தைப் பார்க்கிறேன்.

"கணீர்னு இருக்குடா. மாட்டு" என்கிறார்.

மாட்டிவிட்டு, அதற்கு எதிரில் உட்காருகிறேன்.