கட்டாத மூன்று அறைகள்

எங்கள் கடற்கரை ஊர்களில் பெண் வீட்டார்தான் வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அங்கே போய்க் குடியிருப்பார். வீடு முடியாமல் கல்யாணத்துக்கு நாள் குறிக்க மாட்டார்கள். எனக்குப் பேசி வைத்த பெண்ணின் வாப்பா நிந்தவூரில் நான்கு அறைகளுக்கு அத்திவாரம் போட்டு, நெல் விற்ற காசில் ஓர் அறையை மட்டும் எழுப்பியிருந்தார். அந்த நிலையில்தான் சுனாமி வந்தது. வீட்டார் எல்லோரும் தப்பினார்கள். அறையும் நின்றது. சமையலுக்குத் தென்னோலைக் கிடுகால் கட்டியிருந்த குசினி மட்டும் போய்விட்டது.

நான் இங்கிலீஷ் வாத்தி. சேதம் பார்க்க வந்த வெள்ளைக்கார இன்ஜினியருக்கு மொழிபெயர்க்க என்னைப் பிடித்துக்கொண்டார்கள். மனிதர் சொல்லில் மகா கறார். 'ஹோல்' என்றால் பிரியாமல் ஒன்றாக இருப்பது, 'இன்டாக்ட்' என்றால் எதுவும் தீண்டாதது, 'கொம்ப்ளீட்' என்றால் சேர வேண்டியதெல்லாம் சேர்ந்து முடிந்தது என்று ஜீப்பில் எனக்கே வகுப்பெடுத்தார். ஐந்து வருடமாக மூன்றுக்கும் 'முழுமை' என்றே கரும்பலகையில் எழுதி வந்தவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி.

பெண் வீட்டுக்கும் வந்தோம். நின்ற அறையைத் தட்டிப் பார்த்து 'இன்டாக்ட்' என்றார். பிறகு வெறும் அத்திவாரத்தைப் பார்த்தார். மூன்று அறைகளைக் கடல் கொண்டுபோய்விட்டது, இதைக் 'கொம்ப்ளீட்' சேதம் என்றே போடலாம் என்று பேனையைத் திறந்தார். அப்படிப் போட்டால் புது வீடு கிடைக்கும். எனக்கும் சீக்கிரம் கல்யாணம் நடக்கும். நான் வாயைத் திறக்கவில்லை.

அறைக்குள்ளிருந்து பெண்ணின் உம்மா, எனக்கு மாமியாகப் போகிறவர், முக்காட்டை இழுத்துவிட்டபடி வந்தார்.

"அவர் என்ன செல்றார் மகன்?"

வேறு வழியில்லாமல் சொன்னேன்.

"யா அல்லாஹ்! கடல் எங்க எடுத்த? நாங்க இன்னும் கட்டவே இல்லயே. அதச் செல்லுங்க."

சொன்னேன். அவர் குசினியை மட்டும் எழுதிக்கொண்டு போனார். வருகிற சீதேவியைக் காலால் உதைக்கிறாரே என்று மாமிமேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

மற்ற அறைகள் நெல் அறுவடைக் காசில் போகம் போகமாக எழும்பின. யுத்தம் முடிந்த வருடம்தான் நிக்காஹ் நடந்தது. இன்றும் அந்தப் பழைய அறையில்தான் படுக்கிறோம். கடல் காற்று நன்றாக வரும்.

போன மாதம் மகளுக்கு இந்த மூன்று சொற்களையும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மீன் வெட்டிக்கொண்டிருந்த மனைவி சிரித்தாள்.

"அவர் கொம்ப்ளீட் எண்டு செல்லக்குள்ள நான் கதவுக்குப் பின்னால நிண்ட. நீங்க வாயத் தொறப்பீங்களெண்டு பாத்த. தொறக்கல்ல. அதான் உம்மாவ அனுப்பின."

பள்ளிப் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்து இங்கிலீஷில் அவள் திறமைச் சித்தி பெற்றவள் என்பதை நான் அன்று மறந்தே போயிருந்தேன். வெட்கமாகிவிட்டது.

"அது தெரிஞ்சுமா என்னைக் கல்யாணம் முடிச்ச?"

"ஓம். வீடும் அண்டைக்கு ஒரு அறையோடதானே நிண்ட. விட்டுட்டா போனம்?"