நாக்கில் விட்டுப் பார்த்த மருந்து

காலை ஆறு மணி பத்து நிமிடம். கண் விழித்ததும் பார்த்தது, மருமகளின் உள்ளங்கையில் இருந்த சிவப்பு மாத்திரை.

"சீனி பூசினது மாமா, கசக்காது."

கசக்காத மருந்தை இன்றும் என்னால் நம்ப முடிவதில்லை. மலேரியா கண்டிக்குப் பக்கத்து ஊரான கடுகண்ணாவையை வாட்டிய அந்த வருடம், கசப்பு என்றால் சுவையல்ல, கொயினா மருந்து. "கசப்பு குடிச்சாச்சா?" என்றுதான் நலம் விசாரித்தார்கள். ரயில் நிலையத்துக்கு எதிரே தகரக் கொட்டகையில் அதை ஊற்றிக் கொடுத்த யாழ்ப்பாணத்துக் கம்பவுண்டர் மட்டும் கைப்பு என்பார். வரிசையில் கேலிக்குக் குறைவில்லை. முகம் சுளித்த ஒருவனைப் பார்த்து, "ஒன் மாமியா வாய விடவா கசக்குது?" என்றாள் ஒருத்தி.

நான் பத்திரிகைக்குச் செய்தி எழுத வந்து எட்டு மாதம். கண்ணால் காணாததை எழுதாதே என்று சொல்லியிருந்தார்கள். நான் கெட்டிக்காரன், நாக்கையும் சேர்த்துக்கொண்டேன்.

அன்று காலை பத்தரை. ரயில் பாதையில் வேலை செய்பவரின் மனைவி மாரியாயி, நாலு வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். பிள்ளையின் உடம்பு அனலாகக் கொதித்தது. முந்தானையில் ரயில் சீட்டுக்குக் காசு முடிந்திருந்தாள்.

"நாலு நாளாக் குடுக்கிறேங்கய்யா, காய்ச்ச விடல. நீங்க படிச்சவங்க. இதையே குடுக்கட்டுமா, கண்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகட்டுமா?"

அவள் போத்தலை வாங்கி, ஒரு சொட்டை நாக்கில் விட்டேன். தொண்டைவரை கசந்தது.

"நல்லாக் கசக்குதே. இதையே குடுங்க" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. "ஒங்க வாய் முகூர்த்தம் பலிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே வீட்டுக்குத் திரும்பினாள். 'மருந்து கசப்பாகவே உள்ளது' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அவள் வீட்டுக்குப் போனபோது பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்திருந்தார்கள். நேரே கொட்டகைக்குப் போய்க் கம்பவுண்டரிடம் மருந்தைப் பற்றிக் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கொயினா முடிஞ்சு ஒரு கிழமை, ஏழு நாளாச்சுது தம்பி. எழுதிக் கேட்டன், வரேல்லை. வெறும் தண்ணி குடுத்தால் கைக்கேல்லையெண்டு சண்டைக்கு வருவினம். நிலவேம்பு அவிச்சு ஊத்தினன்."

மூலையில் கரி பிடித்த பானை இருந்தது. விரலை விட்டு நக்கிப் பார்த்தேன். அதே கசப்பு.

அந்தக் கொட்டகை இப்போது இல்லை. கசப்பு குடித்தாயா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்தேன், இனித்தது.

அன்று கண்டிக்கு அடுத்த ரயில் பத்தே முக்காலுக்கு.