வாசலில் என் சப்பாத்து

கோலாலம்பூருக்கு வேலைக்குப் போன பிறகு, பாயான் பாருவில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வருடத்தில் இரண்டு தடவை வந்தால் பெரிது. இந்த முறை சாயங்காலம் வந்ததும், வாசலில் கிடந்த என் பழைய சப்பாத்தைப் பார்த்து எரிச்சலானேன். காலில் போட முடியாதபடி பிய்ந்ததையெல்லாம் எதற்குச் சேர்த்து வைக்கிறார்? குப்பையில் வீசிவிட்டேன்.

மறுநாள் காலை நான் கிளம்பும்போது அம்மா அதைத் தேடினார். அதற்குள் குப்பை லாரி வந்து போயிருந்தது.

"ஆம்பள சப்பாத்து வெளிய கெடந்தா திருடன் வரமாட்டான் லா. தனியாதானே இருக்கேன்? காலையில உள்ள எடுத்துருவேன், சாயங்காலம் வெளிய வைப்பேன். நீ வேலைக்குப் போய்ட்டு வர்ற மாதிரி இருக்கும்."

அவர் முகத்தைப் பார்க்கக் கூசியது. காலில் இருந்த புதுச் சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்தேன். அம்மா குனிந்து அதை உள்ளே எடுத்தார்.

"இப்ப காலைதானே. நீ வேலைக்குப் போயிட்ட."