நாத்தனாருக்குப் புரிந்தால் போதும்

“அண்ணி, நான்தான். ஒரு வரி படிக்கிறேன். முழுசா கேட்டுட்டு திட்டுங்க.”

ஸ்க்ரோல் அக்கா ஒரு நாளில் பத்துத் தடவையாவது இப்படிப் போன் பேசுகிறார். எங்கள் செய்தித் தொலைக்காட்சியில், திரையின் அடியில் ஓடும் வரிகளை எழுதுபவர் அவர்தான். எட்டு வருடமாக, முக்கியமான எந்த வரியும் அவர் அண்ணி என்று கூப்பிடும் நாத்தனார் காதில் விழாமல் திரைக்குப் போனதில்லை.

குற்றம் பார்க்கின் சுற்றம் இல்லை என்பார்கள். இந்தச் சுற்றத்துக்கு வேலையே குற்றம் பார்ப்பதுதான். அக்கா காய் நறுக்கும் விதம்கூட அவருக்குப் பிடிக்காது. “அவங்களுக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்” என்பது அக்காவின் கட்சி. எங்கள் ஆசிரியருக்கு இது வெட்டி வேலை. நானும் சிரித்தவன்தான், ஒத்துக்கொள்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை, ஐஸ் தொழிற்சாலையில் அமோனியா வாயு கசிந்தது. நாத்தனார் வீடு அதே தெருவில். “பொதுமக்கள் பதற்றமடையத் தேவையில்லை. உரிய நடவடிக்கைகள் மேற்கொள்ளப்பட்டு வருகின்றன” என்று அரசு அறிக்கை வந்தது. ஆசிரியர் அதை ஒதுக்கிவிட்டு, “‘விஷவாயு, மக்கள் ஓட்டம்’னு போடுங்க. போட்டி சேனல்ல போட்டுட்டான்” என்று அவசரப்படுத்தினார். அக்கா இரண்டையும் போனில் படித்தார்.

நாத்தனார் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை, எங்களுக்கே கேட்டது. “கண்ணு எரியுது. நான் வெளிய ஓடணுமா, உள்ளயே இருக்கணுமா? அதைச் சொல்ல உங்க டிவியில ஆளில்லையா?”

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. கை மட்டும் நிற்கவில்லை. இன்னொரு போனில் தீயணைப்பு அதிகாரியைப் பிடித்து அதே கேள்வியைக் கேட்டார். பதில் வந்ததும் எழுதி, அண்ணிக்குப் படித்தார்: “ஐஸ் தொழிற்சாலைத் தெருவினர் வெளியே வராதீர்கள். கதவு, ஜன்னல்களை மூடுங்கள். ஈரத்துணியால் மூக்கைப் பொத்துங்கள்.”

“எங்க கதவுக்கு அடியில எலியே வந்து போகுது. காத்து வராதா?” என்றார் நாத்தனார். இடுக்குகளை ஈரத்துணியால் அடைத்துவிடுங்கள் என்று நான்காவது வரி சேர்ந்தது.

“போட்டி சேனல்ல...” என்று ஆசிரியர் வாயெடுத்தார்.

“அவன் ஓட வைக்கட்டும் சார். எங்க அண்ணி வீட்டுக்குள்ளயே இருக்கட்டும்.”

ஒன்றரை மணி நேரம் அந்த நான்கு வரிகள் மட்டுமே ஓடின. வாயு கடந்துபோனபோது தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. இருநூறு வீடு, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. “உங்க வரியைத்தான் எங்க வண்டி மைக்லயும் வாசிச்சோம்” என்று அதிகாரியே கூப்பிட்டுச் சொன்னார். அறையே கைதட்டியது. நான் வெட்கமில்லாமல் எல்லாரையும்விட பலமாகத் தட்டினேன்.

அக்கா தட்டவில்லை. அடுத்த வரியை எழுதிக்கொண்டிருந்தார். ஆசிரியர் பக்கத்தில் வந்து நின்று, தொண்டையைச் செருமி, “உங்க அண்ணிகிட்ட படிச்சாச்சா?” என்றார்.

அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார். “அண்ணி, வாயு அடங்கிடுச்சு. ஜன்னலைத் திறக்கலாம்.”

எட்டு வருடத்தில் முதல்முறையாக நாத்தனார் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒரு தாழ்ப்பாள் நீங்கும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. மூன்றாவதும் கேட்ட பிறகுதான், அக்கா அந்த வரியைத் திரைக்கு அனுப்பும் பொத்தானை அழுத்தினார்.