தொடாமல் இருந்த ஒரு மாதம்

இடது முன்கையில் வந்த கட்டி வலிக்கவில்லை. முதலில் மிளகளவு, பிறகு பாக்களவு. ஊதா கலந்த சிவப்பு. கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடும்வரை பூமிக்கடியில் வேலை பார்த்தவன் நான். ரத்தம் வராத எதையும் நாங்கள் காயம் என்று சொல்வதில்லை. அந்த வீம்பில் இரண்டு மாதம் விட்டுவைத்தேன். நீங்கள் விட்டுவைக்காதீர்கள்.

பெங்களூரில் பயாப்சி (சதைத் துணுக்கை எடுத்துப் பரிசோதிப்பது) செய்தார்கள். மெர்க்கெல் செல் கார்சினோமா (பெரும்பாலும் வயதானவர்களுக்கு வரும் அரிய தோல் புற்றுநோய்) என்றார்கள். கட்டியைச் சுற்றி அகலமாக வெட்டி எடுத்தார்கள். அக்குளில் இருந்த நிணநீர்க் கணுவுக்கு (இந்நோய் முதலில் போய்ச் சேரும் இடம்) பரவியிருக்கவில்லை.

"வெயிலாலயா டாக்டர்?" என்று கேட்டேன். வேலைக்காலம் முழுக்க வெயிலே பார்க்காதவனுக்கு அது அநியாயமாகப் பட்டது.

"சிலருக்கு வெயில். உங்க கட்டியில ஒரு வைரஸ் இருந்திருக்கு," என்றார். அதற்குள் அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டார்.

அந்த ஒரு சொல்லோடு வீடு திரும்பினேன். கொரோனாவில் கற்ற பாடம் கைவசம் இருந்தது: தட்டு தனி, டம்ளர் தனி, படுக்கை முன்னறையில். என் மனைவி மல்லிகாவுக்குச் சர்க்கரை நோய். அவளுக்கு ஒட்டிக்கொண்டால் தாங்கமாட்டாள் என்று பயந்தேன். சொன்னால் அவளும் பயப்படுவாள் என்று சொல்லவில்லை. கட்டு மாற்ற வந்தால் கையை இழுத்துக்கொண்டேன்.

"இன்னாத்துக்கு இப்படி மூலையில குந்திக்கினு கீறீங்க?" என்று கத்தினாள்.

ஒரு மாதம் கழித்து, ரேடியேஷனுக்கு (கதிர்வீச்சுச் சிகிச்சை) முன்னால் டாக்டரைப் பார்க்க அவளும் வந்தாள். அவள் எதிரிலேயே கேட்டேன். "இது இவளுக்கு ஒட்டுமா?"

"அந்த வைரஸ் நிறைய பேர் தோல்ல சும்மா இருக்கும். என் தோல்லயும் இருக்கலாம். வயசாகி எதிர்ப்புச் சக்தி குறையறப்ப, எங்கயோ ஒருத்தருக்கு செல்லுக்குள்ள மாட்டிக்கிட்டு புற்றுநோயாக்குது. ஏன் அவருக்கு மட்டும்னு முழுசாத் தெரியல. ஆனா புற்றுநோய் ஒட்டாது."

மல்லிகா ரயில் ஏறியதும் ஆரம்பித்தாள். "ஒரு மாசமா இதுக்கா? ஒட்டினா ஒட்டட்டும்னு சொல்லிருப்பேன். என்னை ஒரு வார்த்தை கேக்கறதுக்கு இன்னா?"

பங்காருபேட்டை வரும்வரை திட்டினாள். வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

சிகிச்சை முடிந்துவிட்டது. திரும்ப வரக்கூடிய நோய் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனை. வருடக் கணக்கெல்லாம் போய்விட்டது. மூன்று மூன்று மாதமாகத்தான் வாழ்கிறேன். அப்படிப் பார்த்தால் ஒரு மாதம் என்பது எவ்வளவு பெரிசு! அதை நானே வீணாக்கினேன்.

தழும்பைச் சுற்றி உணர்ச்சி இல்லை. மல்லிகா அங்கே கை வைத்தால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். அவள் கையை எடுக்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.