தெற்குச் சுவர்

சண்முகவடிவு முதலில் வாங்கியது குளோரின் போத்தல்தான். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் கடைசி அறை அவளுடையது. ஆனியில் மழை பிடித்தால் அந்தச் சுவர்களில் பூஞ்சணம் கறுப்புப் புள்ளிகளாகக் கிளம்பும். ஆடிக்குள் கம்பளி விரித்தது போலாகிவிடும். ஒன்பது வயது மகள் பிரியந்திக்கு மூச்சிழுப்பு வேறு. கொழுந்தெடுத்துத் திரும்பிய ஒரு மாலையில் வடிவு, மழைக்காகக் கதவையும் ஜன்னலையும் அடைத்துக்கொண்டு, குளோரினை ஊற்றிச் சுவரைத் தேய்த்தாள். அரைமணி நேரத்தில் பிள்ளையின் உதடு நீலமாகிவிட்டது. ஓட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

அங்கே நர்ஸ் மிஸ்ஸி வடிவின் கையைப் பிடித்து மோந்து பார்த்தாள். "இந்த வாசத்த இனிமே புள்ளகிட்ட கொண்டு வராதீங்க" என்றாள்.

அந்த மாசியில்தான் கணவன் செல்லசாமியை அதே ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டியில் கொண்டு வந்தார்கள். அவரும் மூச்சுக்குத் தவித்தே போனவர். மகளும் அந்த வழியில் போக வடிவு விடமாட்டாள். அந்த வருடம் அவள் செய்தது எல்லாம் அதற்காகத்தான்.

கடைத்தெருவில் பஸ்மிலாவின் பலசரக்குக் கடை.

"குளோரின் வேணாம் தங்கச்சி. வேற என்னா இருக்கு?"

"வினாகிரி இருக்கே, அக்கா, அச்சாறு ஊறுகாய்க்கு ஊத்துறது. எங்க குசினி அடுப்புச் செவருக்கு அதத்தான் அடிக்கிறேன். தண்ணி கலக்காம அடிச்சு, ஒரு மணித்தியாலம் ஊறவுட்டுத் துடைங்க. பொறகு அப்பச்சோடாவக் கரைச்சுத் தேயுங்க. மிச்சக் குளோரினோட மட்டும் சேத்துராதீங்க, அது நஞ்சு."

"நாறுமே?"

"அச்சாறு போட்ட வூடு மாதிரி நாறும். கொஞ்சத்துல போயிரும். ஆனா செவரு ஈரமா இருந்தா திரும்ப வரும். சொல்லிட்டேன்."

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். பிள்ளையை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு, வாயில் துணி கட்டி, தூசி பறக்காமல் ஈரத்துணியாலேயே துடைத்தாள். குடம் நிரப்பும் தண்ணிப் பீலியடியில் பெண்கள் மூக்கைச் சுளித்தார்கள்.

"என்னா வடிவு, இன்னைக்கும் அச்சாறா?"

"ஆமாங்க. ஒரு வாளி தரவா?"

சுவர்கள் வெளுத்தன. பிள்ளையின் இருமல் மட்டும் நிற்கவில்லை. ஒரு பகலில், பிரியந்தி பள்ளிக்கூடம் போயிருந்தபோது, மகள் வழக்கமாகப் படுக்கும் இடத்தில் வடிவு தானே படுத்துப் பார்த்தாள். தெற்குச் சுவரோரம், செல்லசாமியின் படத்துக்கு நேர் கீழே. அப்பா போனதிலிருந்து பிள்ளை வேறெங்கும் படுக்க மாட்டாள். மூக்கில் பூஞ்சணத்தின் புளித்த வாடை அடித்தது. நிமிர்ந்து பார்த்தாள். சட்டத்தின் ஓரத்தில் கறுப்பு எட்டிப் பார்த்தது.

மூன்று வாரமும் அவள் படத்தைச் சுற்றியே துடைத்திருந்தாள். கருமாதியன்று செல்லசாமியின் அண்ணன் முத்துலிங்கம்தான் அந்த ஆணியை அடித்தார். இறந்தவர் படம் தெற்கில்தான் இருக்க வேண்டும். ஆண்டுத் திவசம் முடியும்வரை ஆணியை விட்டு இறங்கக் கூடாது என்றார். மண்மேட்டுக்கு முதுகு கொடுத்து நிற்கும் அந்தச் சுவர்தான் லயத்திலேயே அதிகம் ஊறுவது என்பதை அன்று யாரும் நினைக்கவில்லை. அவளும்தான்.

அடுத்த ஞாயிறு அவள் முக்காலி மேல் ஏறியபோது முத்துலிங்கம் வாசலில் நின்றார்.

"கைய எடு. தம்பி போயி ஆறு மாசங்கூட ஆகல."

"அஞ்சு மாசம் பதினோரு நாளு. எனக்குத் தெரியும், மாமா."

"எறக்குனா அவன ரெண்டாந்தரம் வூட்ட விட்டு வெரட்டுன மாதிரி. ஊரு என்னா சொல்லும்?"

"ஊரு அச்சாறு நாத்தம்னு சொல்லுச்சு. இதையுஞ் சொல்லட்டும்."

இறக்கினாள். சட்டத்தின் அளவுக்கு அப்படியே ஒரு கறுப்பு வெல்வெட் துண்டு சுவரில் ஒட்டியிருந்தது. பின்னட்டை ஊறிப் பிய்ந்திருந்தது. செல்லசாமியின் சட்டைக் காலர்வரை புள்ளிகள் ஏறிவிட்டன. படத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"மூச்சு முட்டித்தானே போனாரு? இங்கயும் முட்டிக்கிட்டே தொங்கணுமா? கீழ அவரு மக படுத்து முட்டணுமா? சொல்லுங்க!"

முத்துலிங்கம் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

செல்லசாமி தேயிலைச் செடி வெட்டிய கவ்வாத்துக் கத்தி முனையால் ஆணியை நெம்பி எடுத்தாள். பிறகு வினாகிரி, பிறகு சோடா, பிறகு உலர்ந்த துணி. படத்தை வெயிலில் காய வைத்து, புது அட்டை வைத்து, அடுப்படிச் சுவரில் மாட்டினாள். லயத்துக்குப் பின்னால் மண் அடைத்துக் கிடந்த வடிகானில் மழைத்தண்ணீர் நின்று சுவருக்குள் ஏறுவதை அன்றுதான் போய்ப் பார்த்தாள். மம்பட்டியை எடுத்தாள்.

"கான் வெட்ட தோட்டத்து ஆளுல்ல வரணும்?" என்றது அடுத்த அறை.

"அவங்க வர்றதுக்குள்ள எம்மக சமைஞ்சு கல்யாணமும் ஆயிரும்."

முத்துலிங்கம் அவளோடு பேசுவதை நிறுத்தினார். லயத்தில் பாதிப்பேர் அவர் பக்கம். தீபாவளிக்கு அவர் வீட்டிலிருந்து பலகாரம் வரவில்லை. அவள் அனுப்பியது திரும்பி வந்தது. மறுநாளும் அனுப்பினாள்.

மாசியில் திவசம். அன்று வந்துதானே ஆக வேண்டும், வந்தார். வெளுத்துக் காய்ந்திருந்த தெற்குச் சுவரையும் அதிலிருந்த ஆணித் துளையையும் பார்த்தார்.

"இன்னைக்காச்சும் அவனத் தெக்க வையி."

"படையல் முடியிற வரைக்கும் வைக்கிறேன், மாமா. அப்புறம் அவரு அடுப்புக்கிட்டத்தான்."

பீலியடியிலிருந்து நாற்பது படி ஏறி, இடுப்பில் குடத்தோடு பிரியந்தி உள்ளே வந்தாள். "தள்ளுங்க பெரியப்பா, தண்ணி சிந்துது!" என்று ஒரே மூச்சில் கத்தினாள். முத்துலிங்கம் தள்ளி நின்றார். அவள் குடத்தை இறக்கும்வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படையல் முடிந்து இலை போட்டார்கள். எல்லோரும் பார்க்க வடிவு படத்தைத் தூக்கிப் போய் அடுப்படிச் சுவரில் மாட்டி, கோணலை நிமிர்த்தினாள். முத்துலிங்கம் சோற்றைப் பிசைந்துகொண்டே, அவளிடம் ரசம் கேட்டார்.