கிரேக் அத்தான் வாங்கிப்போட்ட பெயர்கள்

என் அக்கா ஜெரால்டினைக் கட்டியவர் கிரேக் ஜெபகுமார். பகலில் கூரியர் ஆபீசில் வேலை. மற்ற நேரமெல்லாம் பெயர் வாங்குவார். ஊரில் மற்றவர்கள் மனை வாங்கிப்போடுவார்கள், நகை வாங்கிப்போடுவார்கள். கிரேக் அத்தான் இணையதளப் பெயர்களை வாங்கிப்போடுவார். டொமைன் என்கிறார்களே, அதுதான். ஒரு கடைக்கோ கம்பெனிக்கோ இணையத்தில் முகவரியாக நிற்கிற பெயர். யார் முந்திப் பதிகிறார்களோ அவர்களுக்குக் கிடைக்கும். செலவு பெரிதாக ஒன்றுமில்லை. அதன் பிறகு அந்தப் பெயர் தேவைப்படுகிறவர் விலை கேட்டு வருவார் என்று காத்திருக்க வேண்டியது.

நல்ல மனிதர். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போகப்போகத் திட்டத்தான் போகிறேன். புனேவில் நாங்கள் இருக்கிற கட்கிப் பக்கம் யார் வீட்டு விசேஷம் என்றாலும் பிரியாணி அண்டாவைத் தூக்க முதல் ஆளாக நிற்பார். ஆனால் புதிதாகக் கடை வைக்கிற யாரும் அவரிடம் வாய் திறக்க மாட்டார்கள். பேக்கரி வைக்கப் போகிறேன் என்று ஒருவர் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டால், "பேரு என்ன வைக்கீய?" என்று அன்பாகக் கேட்பார். அந்த மனிதர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் போனிலேயே அந்தப் பெயரைப் பதிந்துவிடுவார். பிறகு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் அவரைப் பிடித்து, "ஒங்களுக்காகத்தான் பத்திரமா வச்சிருக்கேன்" என்பார். நான் பியூட்டி பார்லர் ஆரம்பித்தபோது போர்டு மாட்டுகிறவரைக்கும் பெயரை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. அவள் வாயில் எதுவும் நிற்காது.

"இது தப்பு அத்தான்" என்று சொன்னால் பதில் தயாராக வைத்திருப்பார்.

"லோனாவாலா லோக்கல்ல கர்ச்சீப் போட்டா சீட்டு நம்மளுது மேவிஸ். யாராவது சண்டைக்கு வாராங்களா?"

வருகிறார்கள். தினமும் வருகிறார்கள். அந்த ரயிலில் போகிற எனக்கே தெரியும், அவருக்குத் தெரியாதா?

ஒரே ஒரு பெயர் மட்டும் நன்றாக விலை போனது. புனே, சாப்பாட்டுக் கேரியரை இந்த ஊரில் சொல்கிற டப்பா என்ற இரண்டு சொற்களைச் சேர்த்து ஒரு பெயர் பதிந்து வைத்திருந்தார். வானவடியில் வீட்டுச் சாப்பாடு அனுப்புகிற ஒரு கணவன் மனைவி அதை வாங்கிக்கொண்டு, இன்றைக்கும் தீபாவளிக்குப் போன் செய்கிறார்கள். அதில் தவறு ஒன்றுமில்லை. புனேவும் டப்பாவும் யார் அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லை. ஆனால் அந்த ஒரு வியாபாரம் அத்தானின் தலைக்கு ஏறிவிட்டது.

இனி என் அப்பா மரியஜோசப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்கி வெடிமருந்து ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதன் பிறகு தாராமதி மசாலாவுக்கு ஸ்டாக்கிஸ்ட் ஆனார். தாராமதி பழைய புனே கம்பெனி. கட்கி, போபோடி கடைகளுக்கு அவர்கள் சரக்கு எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். முன்னறை முழுக்க மிளகாய்த்தூள் பெட்டி. எங்கள் வீட்டில் தும்மாமல் ஜெபமாலை சொல்லி முடித்த நாளே கிடையாது. அப்பாவோடு ஓய்வு பெற்றவர்கள் முழங்கால் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவர் தோளில் பையை மாட்டிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குவார். அந்த ஏஜென்சிதான் அவரை நிமிர்ந்து நடக்க வைத்திருந்தது.

போன வருடம் தாராமதி கம்பெனி பேப்பரில் ஒரு விளம்பரம் கொடுத்தது. நறுக்கிய காய்கறி, அரைத்த மசாலா எல்லாம் ‘தாராமதி ஃப்ரெஷ்’ என்ற பெயரில் வீட்டுக்கே வரப்போகிறதாம். அத்தான் உடனே தேடிப் பார்த்தார். அந்தப் பெயரைக் கம்பெனி இன்னும் இணையத்தில் பதிந்திருக்கவில்லை. இவர் பதிந்துவிட்டார். அதோடு விட்டாரா? கம்பெனிக்கே ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி, அனுப்புவதற்கு முன் பெருமையாக என்னிடம் காட்டினார். வரிக்கு வரி மரியாதை. தங்களைப் போன்ற பெரிய நிறுவனத்துக்கு இந்தப் பெயர் கட்டாயம் தேவைப்படும், வேறு யாராவது கேட்டு வருவதற்குள் தாங்களே வாங்கிக்கொள்வது நல்லது என்று எழுதியிருந்தார்.

"மிரட்டுத மாதிரில்லா இருக்கு?" என்றேன்.

"எவ்வளவு தாழ்மையா எழுதியிருக்கேன், மிரட்டுதேன்னு சொல்லுதியே."

"அப்பாட்ட சொன்னீங்களா?"

"வித்த பொறவு சொல்லிக்கிடலாம். மாமா சந்தோசப்படுவாக."

அப்பா சந்தோஷப்பட்ட கதையைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

அத்தான் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு நிரந்தர முகவரி என்பது எப்போதும் வேறு யாருடைய வீடாவதுதான். வேலை பார்க்கிற தகப்பன் ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும், அதனால் ரேஷன் கார்டு, பாஸ்போர்ட், பாங்க் எல்லாவற்றிலும் சொந்த வீடு உள்ள ஒருவரின் முகவரியைக் கொடுத்துவிடுவார்கள். கல்யாணம் ஆனதிலிருந்து அத்தானுக்கு அது போபோடியில் உள்ள எங்கள் வீடுதான். எங்கே எதை நிரப்பினாலும் யோசிக்காமல் மாமனார் வீட்டு முகவரியை எழுதுவார். பெயர் பதியும்போதும் அப்படியே எழுதியிருக்கிறார். தாராமதி கம்பெனியின் கணக்கில் அது ஸ்டாக்கிஸ்ட் மரியஜோசப்பின் கோடவுன் முகவரி.

அத்தானின் கடிதத்துக்குப் பதில் அப்பாவுக்கு வந்தது. கம்பெனியின் பெயரை உங்கள் கோடவுனிலிருந்தே பதிந்து எங்களிடமே விலை பேசுகிறீர்கள், ஏஜென்சியை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று நேரில் வந்து விளக்குங்கள், அதுவரை சரக்கு கிடையாது என்று எழுதியிருந்தார்கள். அப்பாவுக்குப் பாதி புரியவில்லை. நான் படித்துச் சொன்னேன். அவர் மிளகாய்த்தூள் பெட்டிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு அக்கா அத்தானுக்குச் சோறு போட்டாள், குழம்பு ஊற்றவில்லை. அவரும் கேட்கவில்லை.

கம்பெனி ஆபீசுக்கு அப்பா, அத்தான், நான் மூன்று பேரும் போனோம். அத்தானைத் தனியாகப் பேச விட எனக்குத் தைரியம் இல்லை. சட்டப் பிரிவில் ஸ்ரீவத்சன் என்ற சென்னைக்காரர் இருந்தார். நாங்கள் தமிழ் என்று தெரிந்ததும் தண்ணீர் கொடுத்தார், ஆனால் விஷயத்தில் இளகவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க கிரேக். பொதுவான வார்த்தையா இருந்தா நீங்க வித்துக்கலாம். இது எங்க டிரேட்மார்க். எங்க விளம்பரத்தைப் பார்த்துட்டுப் பதிஞ்சு, எங்ககிட்டயே விக்க வந்திருக்கீங்க. கெட்ட எண்ணத்தோட பதிஞ்சதுக்கு நாங்க சாட்சி தேடவே வேண்டாம். நீங்களே கடிதமா எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கீங்க."

அத்தான் கஷ்டப்பட்டு எழுதிய அத்தனை மரியாதையும் அவருக்கு எதிராகவே நின்றது. ஸ்ரீவத்சன் அந்தப் பெயரைக் கம்ப்யூட்டரில் தட்டித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். மேலே தாராமதி ஃப்ரெஷ் என்று இருந்தது. கீழே முழுக்க வேறொரு கம்பெனி மிளகாய்த்தூளின் விளம்பரம்.

"அத நான் போடல சார். பேரு பதிஞ்சு குடுக்குத கம்பெனிக்காரங்க, சும்மா கெடக்குத பக்கத்துல அவங்களா போடுதது" என்றார் அத்தான்.

"பக்கம் உங்க பேர்ல இருக்கு. யார் போட்டாலும் உங்க தலையிலதான் விடியும்."

அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையையே பார்த்தார். பிறகு அத்தானிடம் மெல்லச் சொன்னார்.

"வண்டு விழுந்த பாக்கெட்ட எங் கைக்காசுல மாத்திக் குடுத்திருக்கேன் மாப்ள. இந்தப் பேரு கெட்டிரக் கூடாதுன்னு. அதுக்கு அடியில அடுத்தவன் சரக்கா?"

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

ஸ்ரீவத்சனுக்கு அப்பாவின் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "சார், உங்களுக்கும் இவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லைன்னு ரெண்டு வரி எழுதிக் கொடுங்க. உங்க ஏஜென்சியைத் தொட மாட்டோம். கேஸை இவர் மேல மட்டும் போட்டுக்கறோம்."

"எழுதுங்க மாமா" என்றார் அத்தான். "தப்பு என்னுதுதான."

அப்பா தாளைத் திருப்பி நகர்த்திவிட்டார்.

"எனக்குத் தெரியாதுங்கது நெசம் சார். சம்பந்தம் இல்லன்னு எப்படி எழுத? எம் மவளக் கட்டுனவன். எங்க வீட்டு விலாசத்தப் போடாம யாரு வீட்டுதப் போடுவான்? கேஸ் போட்டா ரெண்டு பேரு மேலயும் போடுங்க. ஆனா அந்தப் பேர மொதல்ல வாங்கிக்கிடுங்க. அது ஒங்களுது."

நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இந்த ஆளுக்காக ஏஜென்சியை விடுவதா என்று எனக்குக் கோபம். அதே நேரம் அவர் மகள் என்பதில் அப்படி ஒரு பெருமை. அத்தான் அங்கேயே போனை எடுத்துப் பெயரைக் கம்பெனிக்கு மாற்றிக் கொடுத்தார். பதிந்த செலவைத் தருகிறோம் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். இனி யாருடைய டிரேட்மார்க்கிலும் கை வைப்பதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஸ்ரீவத்சன் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவர் பெரிய அதிகாரியிடம் பேசிவிட்டு வருகிறவரைக்கும் நாங்கள் மூவரும் சுவரில் மாட்டியிருந்த மஞ்சள்தூள் விளம்பரப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

திரும்பி வந்தவர் அப்பாவிடம் மட்டும் சொன்னார்: "நாளைக்குச் சரக்கு வண்டி வரும் சார்."

பஸ்ஸில் அப்பாவும் அத்தானும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். நான் பின்னால். பாதி வழியில் அத்தான் கேட்டார்.

"ஏஜென்சி போயிருந்தா என்ன செஞ்சிருப்பீய மாமா?"

"என்ன செய்ய? காலையிலருந்து ராத்திரி வரைக்கும் ஒம் பக்கத்துல உக்காந்து, நீ பேரு வாங்குதத வேடிக்கை பாத்திருப்பேன். அதுக்குப் பயந்துதான் மாதாவ வேண்டிக்கிட்டே இருந்தேன்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அத்தானும் சிரிக்கத்தான் பார்த்தார், ஆனால் தோள் குலுங்கியதும் அது சிரிப்பு இல்லை என்று தெரிந்தது. கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டார். அப்பா மூன்று டிக்கெட் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, மறு கையை அத்தானின் முழங்காலில் வைத்தார். போபோடி வருகிறவரைக்கும் அந்தக் கையை எடுக்கவில்லை.